சாளக்கிராமம் பிறந்த கடல்

சென்னையிலிருந்து ரயிலில் தெற்கே போகிறவர்கள் செங்கற்பட்டு வந்ததும் கொளவாய் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். பிறகு பாலாற்றுப் பாலம் வரும். ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. இராது என்பது தெரிந்த விஷயம். அதற்கப்பால் சற்று நேரத்தில் ஒரு சிறு ஸ்டேஷன் ஜன்னலைக் கடந்து ஓடி மறைகிறது. அதுதான் படாளம். எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்பதில்லை. சர்க்கரை ஆலையை அறிந்தவர்களும், வேடந்தாங்கல் பறவைகளைப் பார்க்கக் கூட்டு ரோட்டில் மேற்கே திரும்புகிறவர்களும் தவிர மற்றவர்கள் இந்த ஊரை நினைவில் வைத்துக்கொள்ளக் காரணம் இல்லை.

இப்பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கிற நமக்கோ, இங்கே முதலில் கண்ணில் படுவது கல். வயல்களுக்கு நடுவே உருண்டையும் திரண்டையுமாகக் கருங்கற் குன்றுகள் நிற்கின்றன. சில குன்றுகளை ஜல்லிக் குவாரிகள் பாதி தின்றுவிட்டன. இந்தப் பாறைகளுக்கு ஏறக்குறைய 250 கோடி வருஷம் வயது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் கணக்கிடுகிறார்கள். கிழக்கே மாமல்லபுரத்தில் பல்லவச் சிற்பிகள் யானையையும் பசுவையும் வெட்டி எடுத்ததும் இதே பழங்குலத்தைச் சேர்ந்த பாறைதான். வடக்கே பல்லாவரத்தில் கிடைக்கும் வகைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மீது கிடக்கும் கல் நம் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893-இல் ஹாலந்து என்ற ஆராய்ச்சியாளர் அந்தப் பெயரை இட்டார். கல் நம்முடையது; பெயர் மட்டும் கல்லறையில் இருப்பவருடையது!

இவ்வளவு பழைய பாறையில் உயிரினத்தின் சுவடு எதுவும் கிடையாது. பூமியின் ஆழத்தில், உலோகம் உருகும் சூட்டில் வெந்து இறுகிய கல் அது. ஆகவே நம் வகுப்புப் பையன் ஒருவன், "ஸார், நம்ம ஊரிலே ஜுராஸிக் உண்டா?" என்று கேட்டபோது, "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். சினிமாவின் புண்ணியத்தில் இக்காலத்துப் பிள்ளைகள் 'ஜுராஸிக்' என்பதை ஏதோ ஒரு பிராணியின் பெயர் என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு மலையின் பெயர். பிரான்ஸுக்கும் ஸ்விட்ஸர்லாந்துக்கும் இடையே ஜூரா என்று ஒரு மலைத்தொடர் இருக்கிறது. அதன் சுண்ணாம்புக் கற்களைப் பார்த்து, அத்தகைய பாறைகள் படிந்த காலம் முழுவதற்கும் அந்த மலையின் பெயரையே வைத்துவிட்டார்கள். சுமார் 20 கோடி வருஷத்துக்கு முன் தொடங்கிச் சுமார் 14½ கோடி வருஷத்துக்கு முன் முடிந்த யுகம் அது.

நம் பையனுக்கு ஜூரா மலையைக் காட்ட முடியாது. ஆனால் வேறொரு மலைத்தொடரின் ஜுராஸிக் கல்லைக் காட்ட முடியும் என்று பட்டது. அதற்குப் பக்கத்து வீட்டுப் பூஜை அறை வரையில் போனால் போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பரம வைஷ்ணவர். எண்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுச் சம்புடத்தில் ஐந்தாறு சாளக்கிராமங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எந்தத் தலைமுறையிலோ உடைந்து, இரண்டு துண்டாக இருக்கிறது. சாளக்கிராமத்துக்குப் பிரதிஷ்டை வேண்டியதில்லை, அது உடைந்தாலும் பூஜைக்கு உரியதே என்பது சம்பிரதாயம். ஆகையால் அந்த இரண்டு துண்டுகளுக்கும் தினம் திருமஞ்சனம் நடக்கிறது. பையன்களுக்குக் காட்டவேண்டும் என்று கேட்டபோது, பெரியவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஓய் வாத்தியாரே, பெருமாளைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்திலே சிப்பி என்று சொல்லப் போகிறீரா?"

"இல்லை, மாமா. பையன்களை இங்கேயே அழைத்து வருகிறேன். ஸ்நானம் பண்ணிவிட்டு வரச் சொல்கிறேன். தாங்கள் கையில் வைத்துக்கொண்டு காட்டினால் போதும்."

"காட்டுகிறேன். ஆனால் நான் சொல்வதை முதலில் கேட்கட்டும். அப்புறம் உம்முடைய கதையைச் சொல்லும்."

அவர் சொன்னது நேயர்களில் அநேகருக்குத் தெரிந்த புராணந்தான். பிருந்தையின் சாபத்தால் பகவான் கல்லானார். கண்டகி நதியில் அந்தக் கல்லை வஜ்ரகீடம் என்னும் புழு குடைந்து குடைந்து, உள்ளே சக்கரத்தை வரைந்தது. முக்திநாதம் என்று இன்று வழங்கும் தலமே திருச்சாளக்கிராமம். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாஸனம் செய்தது. திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் திருமேனி பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சாளக்கிராமங்களால் ஆனது என்பது ஐதிகம்.

பிறகு நம் முறை வந்தது. உடைந்த துண்டின் உட்புறத்தைப் பெரியவர் வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்தார். கரிய கல்லுக்குள்ளே ஆட்டுக்கடாவின் கொம்பு போல் சுருண்ட ஒரு வடிவம். அதன் குறுக்கே சிறு சிறு தடுப்புச் சுவர்கள். சுவர்களுக்கு நடுவே சிறு அறைகள். ஒரு சுவரோரம் பொன் ரேகை மினுக்கியது. அந்தப் பொன்னை வைத்தே சில சாளக்கிராமங்களுக்குத் தனி மகிமை சொல்வதுண்டு. ரசாயன சாஸ்திரம் அதை இரும்பும் கந்தகமும் கூடிய தாது என்கிறது.

இந்தச் சுருளுக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் ஆமோனைட். பண்டை எகிப்தியர் வணங்கிய ஆமோன் என்ற தெய்வத்துக்கு ஆட்டுக் கொம்பு உண்டு. அதிலிருந்து வந்த பெயர். இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரில் இதையே ஒரு புண்ணியவதி கல்லாக்கிய பாம்பு என்று சொல்லி, தலை இல்லாத குறையைத் தீர்க்கப் பாம்புத் தலையும் செதுக்கி விற்றார்கள். ஆமோனைட் கணவாயின் தூரத்து உறவு. ஓடு வளர வளர, பிராணி கடைசி அறைக்குக் குடி பெயர்ந்து, காலி செய்த பழைய அறைகளைச் சுவர் வைத்து அடைத்துவிடும். அந்த அறைகளில் வாயு நிரம்பியிருக்கும். அதனால் கடலில் மிதந்து திரியலாம். இப்படி வாழ்ந்த இனம் முழுவதும் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன் டைனஸார்களுடன் கூடவே அழிந்துபோயிற்று. நாட்டிலஸ் என்ற ஒரு பந்து மட்டும் இன்னும் கடலில் உயிரோடு இருக்கிறது.

பிராணி செத்துக் கடலடிச் சேற்றில் அமிழ்ந்தது. காற்றோட்டமற்ற கருஞ்சேறு. ஓட்டைச் சுற்றிச் சேறு முட்டை போல் இறுகிக் கல்லாயிற்று. கோடிக்கணக்கான வருஷத்துக்குப் பின் அந்தச் சேறு மலையாக எழும்பியது. ஆறு மலையை அரிந்தது. முட்டைகள் உருண்டு வெளியே வந்தன. சில முட்டைகளில் ஒரு பக்கம் துளை விழுந்து உள்ளே சுருள் தெரிகிறது. அதுவே சக்கரம்.

நம் முன்னோர் கல்லுக்குள் ஓர் உயிர் புகுந்து சக்கரம் வரைந்தது என்றார்கள். அந்த உயிரே சக்கரம் என்கிறது சாஸ்திரம். ஒரு கல்லைக் கையில் எடுத்தவுடன், 'இது வெறும் கல் அன்று. இதில் ஏதோ ஒரு ஜந்துவின் வேலை இருக்கிறது' என்று கண்டுகொண்ட அந்தக் கண்ணை நாம் பரிகசிக்க மாட்டோம். பெரியவரும் நம் கதையைக் கேட்டு முடித்துவிட்டு, "கீடம் வெளியிலிருந்து போயிற்று என்று நாங்கள் சொல்கிறோம், உள்ளேயே இருந்தது என்று நீர் சொல்கிறீர். இருந்தது என்பதில் வித்தியாசம் இல்லையே!" என்று சொல்லிச் சம்புடத்தை மூடினார்.

இனி அந்தக் கல் புறப்பட்ட இடத்தைப் பார்க்கலாம். நேபாளத்தில் முக்திநாதம் இருப்பது 12,000 அடிக்கு மேலான உயரத்தில். படாளத்திலிருந்து காகம் பறக்கிற கணக்கில் ஆயிரம் மைலுக்கு மேல். கீழே காளி கண்டகி, தௌளகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவே வழி செய்துகொண்டு இறங்குகிறது. இதே கருங்களிமண் பாறை நம் தேசத்து எல்லைக்குள் ஹிமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கிலும் கிடைக்கிறது. ஆகவே அதற்கு ஸ்பிதிப் பாறை என்றே பெயர் வழங்குகிறது. ஜுராஸிக் யுகத்தின் பிற்பகுதியில் தொடங்கி அடுத்த யுகத்தின் தொடக்கம் வரையில் படிந்த சேறு அது.

ஸ்பிதிக்குச் சென்று முறையாக ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொரேவியா நாட்டில் 1838-இல் பிறந்தவர். 1862-இல் இந்தியப் பூகர்ப்ப இலாகாவில் சேர்ந்தார். 1864-இல் ஸ்பிதி மலைகளில் நடந்தார். தமிழர்களாகிய நமக்கு அவரிடம் வேறு ஒரு பாத்தியதையும் உண்டு. திருச்சிராப்பள்ளிக்கு அப்பால் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் சிப்பி, நத்தை, ஆமோனைட்டுகளை இனம் பிரித்துப் படத்துடன் தொகுதி தொகுதியாக எழுதியவரும் அவரே. அரியலூர்ச் சுருளையும் ஸ்பிதிச் சுருளையும் ஒரே மேஜைமேல் வைத்துப் பார்த்த கண்கள் அவருடையவை. அரியலூர்க் கற்கள் ஜுராஸிக் யுகத்துக்குப் பிந்தியவை என்பதும் அந்த ஒப்பு நோக்கினால் துலங்குகிறது. மத்திய ஆசியாவில் யார்கந்துக்குப் போய்த் திரும்பும் வழியில், 1874-இல் லடாக் மலையில் அவர் உயிர் துறந்தார். வயது முப்பத்தாறு. லே நகரில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. அவர் விட்டுப்போன ஸ்பிதி வேலையை ஊலிக் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1903 முதல் 1910 வரையில் பெரும் நூலாக வெளியிட்டார்.

ஆமோனைட் இனங்கள் வெகு விரைவில் மாறிக்கொண்டே இருந்தவை. ஓர் இனம் தோன்றிச் சில லட்சம் வருஷம் வாழ்ந்து மறையும். அதன் இடத்தில் வேறோர் இனம் வரும். ஆகையால் ஓட்டின் மேலுள்ள வரிகளைப் பார்த்தே பாறைக்கு ஜாதகம் கணித்துவிடலாம்.

ஆனால் பெரிய கேள்வி வேறு. கடற்பிராணி 12,000 அடி உயரத்துக்கு எப்படி ஏறிற்று? எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிப் பாறைகூட 45 கோடி வருஷத்துக்கும் முந்திய கடலடிச் சுண்ணாம்புதான். இமயம் இருக்கும் இடத்தில் முன்பு ஒரு சமுத்திரம் இருந்தது என்று கண்டு, அதற்கு டெதிஸ் என்று 1893-இல் பெயரிட்டவர் எடுவர்ட் ஸூஸ் என்ற வியன்னா ஆசிரியர். கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் சொன்னார் வெகனர். அவரை வெகு காலம் யாரும் நம்பவில்லை. இன்று அதில் சந்தேகம் இல்லை. சாளக்கிராமத்துச் சுருள் நீந்திய நாளில் இந்தியா பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்தது. டெதிஸ் கடல் அதன் வடகரையில் அலை மோதியது. பிறகு நம் நாடு வடக்கே புறப்பட்டது. மிக வேகமாக நகர்ந்த காலத்தில் வருஷத்துக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். ஒரு சாண்கூட இல்லை. ஆனால் ஒரு கோடி வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 1,500 கிலோமீட்டர் ஆகிறது! சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் ஆசியாவின்மேல் போய் இடித்தது. இடையிலிருந்த கடலடிச் சேறு மடிந்து, நசுங்கி, மேலே எழுந்தது. அந்த நகர்ச்சி இன்னும் நிற்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை வீதம் நடந்துகொண்டே இருக்கிறது.

அப்படியானால் அந்த நாளில் நம் கரை எப்படி இருந்தது? படாளத்துப் பாறை இதற்குப் பதில் சொல்லாது. பாலாற்றைத் தாண்டி வடக்கே போகவேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பி, ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குப் போகிற சாலையில் நாம் பையன்களை அழைத்துப்போனோம். முப்பது மைலுக்கு மேற்பட்ட பிரயாணம். சாலையின் இருபுறமும் மோட்டார்த் தொழிற்சாலைகள். புதிதாய்ச் செய்த கார்களை அடுக்கடுக்காக ஏற்றிய லாரிகள். 1017-இல் ராமாநுஜர் அவதரித்த ஊர் என்று தேடி வருகிறவர்கள், ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரத்தைக் காண்கிற வரையில் வேறு ஊருக்கு வந்துவிட்டோமோ என்று திகைப்பார்கள்.

ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றிலும் மேலே செம்மண்ணும் செம்புரைக் கல்லும். அதன் அடியில் வெளுத்த, தகடு தகடாகப் பிரியும் களிமண் பாறை. கிணறு, குளம், ஓடைக்கரை என்று மண் வெட்டிய இடங்களில்தான் அது தலை காட்டும். அந்தத் தகடுகளில் இலைகள் இருக்கின்றன. ராபர்ட் புரூஸ் புட் என்ற ஆங்கிலேயர் பாலாற்றுக்கு வடக்கே இந்தப் பிரதேசம் முழுவதையும் சுற்றி ஆராய்ந்து 1873-இல் அறிக்கை வெளியிட்டார். 1863-இல் பல்லாவரத்திலே ஆதி மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்து உலகத்தை வியக்கச் செய்தவரும் அவரே. இலைகளை ஆராய்ந்து 1879-இல் எழுதியவர் பைஸ்ட்மாண்டல்.

அதன் பின்னர் ஒரு பாரத புத்திரர் வருகிறார். பீர்பல் ஸாஹனி தம் ஆசிரியர் ஸீவர்டுடன் சேர்ந்து 1920-இல் இந்தியப் புதைதாவரங்களைப் பற்றிய பழைய முடிவுகளை எல்லாம் சீர்தூக்கித் திருத்தினார். 1932-இல், ராஜமஹால் மலையில் கிடைத்த தண்டு, இலை, பூ ஆகியவற்றை ஒன்று சேர்த்து, அந்தச் செடி முழுசாக நின்ற கோலத்தை உலகத்துக்குப் படம் போட்டுக் காட்டினார். லட்சுமணபுரியில் புதைதாவர ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் கண்டார். 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி ஜவஹர்லால் நேரு அதன் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார். கல்லான செடிகளையே பதித்துச் செய்த கல் அது. அன்றிலிருந்து ஒரு வாரம்கூட ஸாஹனி உயிரோடு இருக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் இலைகளும் ராஜமஹால் இலைகளுக்குச் சொந்தம். அவற்றில் மிகுதியாகக் கிடைப்பது டிலோபில்லம். பறவை இறகு போல் நடு நரம்பும், இரு பக்கமும் நெருங்கிய சிற்றிலைகளும் உடையது. பார்வைக்கு ஈந்தின் சாயல், ஆனால் ஈந்துக்கு உறவில்லை. கூடவே பெரணிகள், ஊசியிலை மரங்களின் கிளைகள். புல் கிடையாது. அந்தக் காட்டில் மேய்வதற்குப் பசும்புல் என்ற ஒன்றே இன்னும் பிறக்கவில்லை.

இந்தப் பாறைகளை வெகு காலம் ஜுராஸிக் என்றே எழுதிவந்தார்கள். இப்போது அடுத்து வந்த கிரிடேஷியஸ் யுகத்தின் முற்பகுதி, சுமார் 13 கோடி வருஷம் என்று சொல்கிறார்கள். சாளக்கிராமச் சேற்றின் மேல்தட்டுக்கு இது கூப்பிடு தூரந்தான்.

இலைகளின் நடுவே அங்கங்கே கடற்சிப்பிகளும், ஏன், சிதைந்த ஆமோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன. காட்டு இலை உதிர்ந்த இடத்தில் கடற்பிராணிக்கு என்ன வேலை? இங்கேதான் விஷயம் சுவைக்கிறது. அந்த நாளில் சென்னைக் கரைக்குக் கிழக்கே வங்காள விரிகுடா இல்லை. அண்டார்டிகா கண்டம் நம்முடன் ஒட்டிக்கொண்டிருந்தது. இன்று பனியில் புதைந்திருக்கும் என்டர்பி நிலம் என்னும் பகுதி நம் கிழக்குக் கரைக்கு அடுத்த வீடு. இரண்டுக்கும் நடுவே நிலம் விரிந்து பள்ளம் விழுந்தது. பள்ளத்தில் ஆறுகள் மணலையும் இலையையும் கொண்டு கொட்டின. பிறகு கடல் ஒரு நாக்கை நீட்டி உள்ளே நுழைந்தது. மாமல்லபுரத்தில் நின்று நாம் பார்க்கிற அலைக்கு அதுவே பிள்ளைப் பிராயம். ஸ்ரீபெரும்புதூர் இலைகளின் நெருங்கிய சுற்றத்தார் அண்டார்டிகாவின் பாறைகளிலும் கிடைத்திருக்கிறார்கள்.

வடக்கே ஒரு கடல் மூடிற்று. கிழக்கே ஒரு கடல் திறந்தது. மூடிய கடலின் சாட்சி பெரியவரின் சம்புடத்தில் இருக்கிறது. திறந்த கடலின் சாட்சி ஸ்ரீபெரும்புதூர் மண்ணில் கிடக்கிறது. முன்னதற்குத் தினம் திருமஞ்சனமும் துளசியும். பின்னதன்மேல் தொழிற்சாலைகளின் அஸ்திவாரக் கான்கிரீட் இறங்குகிறது.

தொழிற்சாலை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நம் மாணவர்களில் பலர் அங்கேதான் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் அனுப்புகிற பணத்தில் இங்கே வீடுகள் மெத்தையாகின்றன. ஆனால் ஓடைக்கரையில் ஒரு காணி, பழைய குளத்தில் ஒரு பக்கம் என்று விட்டுவைப்பதில் எந்த முதலாளிக்கும் நஷ்டம் வந்துவிடாது. திண்டிவனத்துக்கு அப்பால் திருவக்கரையில் கல்மரங்களுக்கு வேலி கட்டிப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். சாத்தனூரில் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் உலகுக்கு அறிவித்த கல்மரம் இன்றும் காவலுடன் கிடக்கிறது. இவர் தஞ்சை ஜில்லாத் தமிழர். பூகர்ப்ப இலாகாவுக்குத் தலைவரான முதல் இந்தியர். மரம் பெரிது, கண்ணில் படுகிறது, ஆகவே பிழைத்தது. இலை சிறிது. மண்வெட்டி பட்டால் நொறுங்கும். இரண்டு மழைக்கு நனைந்தால் கரையும். நாம் போய் நின்ற இடத்தில் வேலியும் இல்லை, பலகையும் இல்லை.

அது ஒரு பழைய வயற்கிணறு. சமீபத்தில் தூர் வாரி ஆழப்படுத்தியதில் வெள்ளைத் தகடுகள் கரையில் குவிந்து கிடந்தன. கிணற்றுக்குச் சொந்தக்காரரிடம் விஷயத்தைச் சொல்லி அனுமதி கேட்டோம்.

"எடுத்துக்குங்க, ஐயா. நிலத்துக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு. தை பொறந்தா கிணத்தையே மூடிப்புடுவாங்க," என்றார்.

பையன்கள் குவியல்மேல் பாய்ந்தார்கள். சுத்தியலுக்கு அவசியம் இல்லை. வெற்றிலைக் கட்டைப் பிரிப்பது போல் விரலாலேயே தகட்டைப் பிரிக்கலாம். அரை மணி நேரம் வெறும் களிமண். அப்புறம் சுள்ளி போல் சில கோடுகள். கடைசியில் ஜுராஸிக் கேள்வி கேட்ட அந்தப் பையன் ஒரு தகட்டை நீள வாக்கில் பிரித்தான். ஒரு பாதியில் இலையின் மேடு, மறு பாதியில் அதே இலையின் அச்சு. நடு நரம்பு, இரு பக்கமும் சிற்றிலைகள், ஒன்றுகூடக் குறையவில்லை. துரு நிறம். பதின்மூன்று கோடி வருஷத்தில் முதல் தடவையாக அதன்மேல் வெயில் பட்டது. கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லோரும் வாய் மூடி நின்றார்கள். கிணற்றுக்காரரும் வந்து குனிந்து பார்த்தார். "பேத்தியைக் கூப்பிடணும்," என்று வீட்டுப் பக்கம் விரைந்து நடந்தார்.

இத்தகைய புதைபடிவங்களைச் சிரமமில்லாமல் பார்க்க விரும்புகிற குடும்பங்கள், சென்னைக்குப் போகும்போது எழும்பூர் மியூஸியத்தில் பூகர்ப்பப் பகுதிக்குள்ளும் ஒரு நடை போய் வரலாம். 1851-இல் ஏற்பட்ட பழைய காட்சிசாலை அது. குழந்தைகள் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டிடமே நின்றுவிடுவார்கள். சற்று இழுத்துக்கொண்டு போகவேண்டும். ஸ்ரீபெரும்புதூருக்கே போகிறவர்கள் மாசி, பங்குனியில், ஓடைகள் வற்றியிருக்கும்போது, நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

நாங்கள் கண்ட தகட்டில் மேடான பாதி, பஞ்சில் வைத்துப் பள்ளிக்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அச்சுப் பாதியைக் கிணற்றுக்காரரின் பேத்தி கேட்டு வாங்கிக்கொண்டாள்.